பினாங்கில் பிறந்த தமிழர், சிங்கப்பூர் கீதத்தை முதலில் அரங்கேற்றியவர்

திங்கட்கிழமை காலை. தமிழ்ப்பள்ளித் திடலில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரக்கிறது. ‘நெகாராகூ’ தொடங்குகிறது. முதல் வரிசையில் நிற்கும் சின்னப் பிள்ளைகள் உரக்கப் பாடுகிறார்கள். நடுவரிசை பாதிக் குரலில் பாடுகிறது. கடைசி வரிசையில் சிலர் வாயை மட்டும் அசைக்கிறார்கள். நாம் எல்லாரும் இந்த மூன்று வரிசைகளில் ஏதாவது ஒன்றில் நின்றவர்கள்தாம்.

சேர்ந்து பாடுவது நமக்குப் புதிதல்ல. அந்தப் பாட்டுக்கு முன்னால் நின்று, கையை உயர்த்தி, நாற்பது ஐம்பது குரல்களை ஒரே மூச்சில் கட்டிப்போடும் ஒருவரின் வேலை என்னவென்றுதான் நம்மில் பலருக்குத் தெரியாது. மேல்நாட்டுப் படங்களில் கறுப்பு கோட்டு அணிந்து சிறு குச்சியை ஆட்டுபவர் என்ற அளவில் நம் அறிமுகம் நின்றுவிடுகிறது.

அந்த வேலையை வாழ்நாள் முழுவதும் செய்தவர் ஒரு தமிழர். நம் பினாங்கில் பிறந்தவர். அண்டை நாட்டின் தேசிய கீதம் முதன்முதலாக மேடையில் ஒலித்தபோது அதை நடத்தியவர். பிறகு பல்கலைக்கழக மாணவர்களைப் பாட வைத்தவர். அவர் பெயர் பால் அபிஷேகநாதன். சிங்கப்பூர் இசையுலகில் மதிப்போடு சொல்லப்படும் இந்தப் பெயர், அவர் பிறந்த நாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயரிலேயே ஒரு கதை

பால் செல்வராஜ் அபிஷேகநாதன் 1914 மார்ச் மாதம் பினாங்கில் பிறந்தார். அந்தப் பெயரைக் கொஞ்சம் நிறுத்தி வாசித்தாலே அவருடைய பின்னணி தெரிந்துவிடும். கிறிஸ்து என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘அபிஷேகம் பெற்றவர்’ என்று பொருள். அதையே தமிழில் அபிஷேகநாதன் என்று வைத்துக்கொண்ட தமிழ்க் கிறிஸ்தவ மரபு அது. முன்னால் விவிலியத்துப் பால், நடுவில் ஊரும் உறவும் கூப்பிடச் செல்வராஜ்.

அந்த மரபில் சேர்ந்து பாடுவது சிறுவயதிலேயே வந்துவிடும். தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தமிழ் ராகங்களில் அமைத்துப் பாட வைத்தார். அதே தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் தமிழிசை ஆராய்ச்சியில் மூழ்கி, 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்டார். இன்னொரு பக்கம், மிஷன் பள்ளிகளும் தேவாலயங்களும் நான்கு குரலில் பாடும் மேல்நாட்டுப் பாடல்களைக் கொண்டு வந்தன. ஆக, கீர்த்தனையும் நான்கு குரல் பாட்டும் இரண்டுமே காதில் விழும் சூழல் அது.

கடல் கடந்து மலாயாவுக்கு வந்த தமிழர்களில் தோட்டத்துக்குப் போனவர்கள் பெரும்பான்மை. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் ஆங்கிலப் பள்ளிகளிலும் வேலைக்கு வந்தவர்கள் ஒரு சிறு பகுதி. தோட்டத்தில் மார்கழி பஜனையும் கும்மியும் காவடிப் பாட்டும் வளர்ந்தன. நகரத்துத் தேவாலயங்களில் சேர்ந்திசை வளர்ந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். தனியாகப் பாடக் கூச்சப்படுபவரும் பத்துப் பேரோடு சேர்ந்தால் பாடுவார்.

பகலில் ஆசிரியர், மாலையில் இசை

அபிஷேகநாதன் தொழிலால் கல்வித் துறைக்காரர். அவர் வளர்ந்து வேலைக்கு வந்த காலத்தில் சிங்கப்பூரிலோ மலாயாவிலோ சேர்ந்திசை நடத்திச் சம்பாதித்துக் குடும்பம் நடத்துவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். முழுநேரச் சிம்பொனி இசைக்குழு ஒன்று சிங்கப்பூருக்கு வந்ததே 1979-ல்தான். அதற்கு முன்பெல்லாம் பகலில் பள்ளியிலோ வங்கியிலோ அலுவலகத்திலோ வேலை, மாலையில் ஒத்திகை என்றுதான் இசைக்காரர்களின் வாழ்க்கை ஓடியது.

அந்தச் சூழலில்தான் 1950-ல் அவர் ‘சிங்கப்பூர் சேம்பர் ஆன்சாம்பிள்’ என்ற குழுவைத் தொடங்கினார். வாத்தியக் குழுவும் பாடகர் குழுவும் சேர்ந்த அமைப்பு அது. போர் முடிந்து ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. ஜப்பானியர் ஆட்சியின் மூன்றரை ஆண்டுப் பசியை ஊர் இன்னும் மறக்கவில்லை. பல இனத்தவர் வாழும் ஒரு துறைமுக ஊரில், பொழுது சாய்ந்த பிறகு மனிதர்களைக் கூட்டி, நோட்டுத் தாளைக் கையில் கொடுத்துப் பாடச் சொல்வதற்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மேல்நாட்டு இசை என்றால் வெள்ளைக்காரர்கள்தாம் நடத்துவார்கள் என்று ஊர் நம்பியிருந்த காலமும் அது. அங்கே ஒரு தமிழர் முன்னால் நின்று கையை உயர்த்தினார்.

1958 செப்டம்பர் 6

நம் கதையின் முக்கியமான நாள் இது.

அன்றைய சிங்கப்பூர் நகர மன்றம் விக்டோரியா அரங்கத்தைப் புதுப்பித்திருந்தது. திறப்பு விழாவுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று நகர மன்றம் நினைத்தது. ‘மஜூலா சிங்கப்பூரா’ என்ற மலாய்ச் சொற்றொடரை, அதாவது ‘சிங்கப்பூர் முன்னேறட்டும்’ என்ற கருத்தை, வைத்துப் பாட்டு எழுதித் தரும்படி சுபிர் சயிட்டைக் கேட்டது. சுமத்ராவில் 1907-ல் பிறந்து, சிங்கப்பூருக்கு வந்து மலாய்த் திரைப்படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

இங்கே நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. 1957-ல் மலாயா சுதந்திரம் பெறவிருந்தபோது துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு தேசிய கீதத்துக்காக மெட்டுகளைத் தேடியது. பெஞ்சமின் பிரிட்டன் போன்ற உலகப் புகழ் பெற்ற இங்கிலாந்து இசையமைப்பாளரிடமும் கேட்டார்கள். சுபிர் சயிட்டிடமும் கேட்டார்கள். எதுவும் குழுவுக்குத் திருப்தி தரவில்லை. கடைசியில் பேராக் மாநில கீதத்தின் மெட்டே ‘நெகாராகூ’வாகத் தேர்வானது. அந்த முறை தேர்வாகாத சுபிர் சயிட்தான் அடுத்த ஆண்டே சிங்கப்பூருக்கான பாட்டை எழுதினார்.

1958 செப்டம்பர் 6-ஆம் நாள் விக்டோரியா அரங்கத் திறப்பு விழா நிகழ்ச்சியின் நிறைவாக ‘மஜூலா சிங்கப்பூரா’ முதன்முதலாக ஒலித்தது. அரங்கேற்றியது சிங்கப்பூர் சேம்பர் ஆன்சாம்பிள். நடத்தியவர் பால் அபிஷேகநாதன்.

அன்று அது ஒரு நகரத்தின் பாட்டு மட்டுமே. அடுத்த ஆண்டு சிங்கப்பூர் சுயாட்சி பெற்றது. தனக்கென ஒரு கீதம் தேடிய அரசாங்கத்துக்கு, மக்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்த இந்தப் பாட்டு நினைவுக்கு வந்தது. அப்போது துணைப் பிரதமராக இருந்த டாக்டர் தோ சின் சை கேட்டுக்கொண்டபடி சுபிர் சயிட் பாட்டைச் சுருக்கித் தந்தார். 1959 டிசம்பர் 3-ல் அது நாட்டின் கீதமாக அறிமுகமானது. 1965-ல் தனி நாடானபோது தேசிய கீதமாகவே நிலைத்தது.

மலாய்மொழிப் பாட்டு. எழுதியவர் சுமத்ராவிலிருந்து வந்தவர். முதலில் நடத்தியவர் பினாங்குத் தமிழர். நம் வட்டாரத்தின் வரலாறே இப்படிப் பலர் கை பட்டு உருவானதுதான். நம் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் தங்கள் பெயரைப் போன்ற பெயரைத் தேடும்போது, காட்டுவதற்கு இப்படி ஒரு பக்கம் இருக்கிறது.

ஐம்பத்தைந்துக்குப் பிறகு பல்கலைக்கழகம்

பெரும்பாலோர் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வயதில் அபிஷேகநாதனின் வாழ்க்கை இன்னொரு திருப்பம் கண்டது. 1970-களில் அவர் சிங்கப்பூர் பல்கலைக்கழகத்தின் இசை நடவடிக்கை மையத்துக்கு இயக்குநரானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அதுவரை மாலை நேரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்த இசை, முழுநாள் வேலையானது.

இந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கோலாலம்பூருக்கும் ரத்த சம்பந்தம் உண்டு. ராஃபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியும் இணைந்து 1949-ல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1959-ல் அது சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரண்டு பிரிவுகளானது. 1962-ல் அவை இரண்டு தனிப் பல்கலைக்கழகங்களாயின. ஒன்று நம் லெம்பா பந்தாயில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகம். மற்றொன்று சிங்கப்பூர் பல்கலைக்கழகம். பின்னது 1980-ல் நன்யாங் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆனது.

பல்கலைக்கழகச் சேர்ந்திசையை நடத்துவது தேவாலயக் குழுவையோ ஊர்க் குழுவையோ நடத்துவதைப் போன்றதல்ல. ஊர்க் குழுவில் இருபது ஆண்டுகளாகப் பாடுபவர் இருப்பார். பல்கலைக்கழகத்தில் அதிகபட்சம் மூன்று நான்கு ஆண்டுகள்தாம். ஒரு பையனுக்கு மூச்சை எப்படிப் பிடிப்பது, எங்கே விடுவது என்று சொல்லிக்கொடுத்து, அவன் குரல் மற்றவர் குரலோடு கலக்கத் தொடங்கும் நேரத்தில் பட்டம் வாங்கிப் போய்விடுவான். அடுத்த தவணையில் புதிய முகங்கள் வரும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடையில் தேர்வு வரும். பயிற்சி வேலைக்குப் பாதிப் பேர் போய்விடுவார்கள். மருத்துவ மாணவிக்கு இரவுப் பணி இருக்கும். தாழ்குரலில் பாட ஆறு பேர் வேண்டிய இடத்தில் இரண்டே பேர் நிற்பார்கள்.

ஆண்டுதோறும் கரைந்துபோகும் மணல் வீட்டைத் திரும்பத் திரும்பக் கட்டுவதைப் போன்ற வேலை இது. ஆனால் வெளியே போனவர்கள் அதை மறப்பதில்லை. மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் ஆன பிறகும், தாங்கள் பாடிய குழுவைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகம் மாறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கையசைவில் என்ன இருக்கிறது?

சேர்ந்திசை என்றால் எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவது மட்டுமில்லை. வழக்கமாகக் குரல்களை நான்காகப் பிரிப்பார்கள். பெண் குரலில் உயர்ந்தது சொப்ரானோ, தாழ்ந்தது ஆல்ட்டோ. ஆண் குரலில் உயர்ந்தது டெனர், தாழ்ந்தது பேஸ். பெரும்பாலும் சொப்ரானோ பாடுவதுதான் நமக்குப் பழகிய மெட்டாக இருக்கும். மற்ற மூன்று குரல்களும் அதே நேரத்தில் வேறு வேறு சுரங்களைப் பாடி அதைத் தாங்கும். வீட்டுக்குத் தூண்போல.

நம் கர்நாடக இசை வேறு வழியில் வளர்ந்தது. ஒரு சுருதி, ஒரு ராகம், ஒரு குரல். அந்த ஒரு குரலின் நெளிவு சுளிவுகளில்தான் அழகு. அதனால் நாலு குரலில் நாலு சுரம் என்பது நம் காதுக்கு முதலில் அந்நியமாகப் படும். பழகிவிட்டால், இளையராஜாவின் பாடல்களில் பின்னால் ஒலிக்கும் கோரஸ் என்ன செய்கிறது என்பது திடீரென்று விளங்கும்.

நடத்துநரின் வலக்கை பொதுவாகத் தாளத்தைக் காட்டும். இடக்கை உணர்வைக் காட்டும். எங்கே குரல் எழ வேண்டும், எங்கே தணிய வேண்டும், எந்தக் குரல் எப்போது உள்ளே வர வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கையில் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது முதல் அசைவு. பாட்டு தொடங்குவதற்கு ஒரு கணம் முன்னால் அவர் கையை உயர்த்தும்போது தானும் மூச்சை இழுப்பார். அதைப் பார்த்து அத்தனை பேரும் சேர்ந்து மூச்சை இழுப்பார்கள். அந்த மூச்சு சரியாக இருந்தால் பாட்டு சரியாக இருக்கும்.

இதில் அறிவியலும் உண்டு. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சேர்ந்து பாடும் இளைஞர்களின் இதயத் துடிப்பை அளந்து 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சேர்ந்து பாடும்போது மூச்சு ஒன்றாகிறது, மூச்சோடு சேர்ந்து இதயத் துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்குகிறது என்பது அவர்கள் கண்டது. பஜனை மடத்தில் உட்கார்ந்து பாடி எழுந்த நம் பாட்டிகள், மனம் லேசாகிவிட்டது என்று சொன்னதற்கு ஒரு காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

ஒரு குடும்பமே இசையில்

அபிஷேகநாதன் என்ற பெயர் ஒருவரோடு நின்றுவிடவில்லை. அவருடைய தம்பி அலெக்ஸ் அபிஷேகநாதன் சிங்கப்பூரில் கிட்டார் இசையின் தந்தை என்று போற்றப்படுபவர். 1981-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கிட்டார் குழுவைத் தொடங்கி வளர்த்தார். அலெக்ஸின் மகள் ஜசிந்தா, பாடகியாகவும் நடிகையாகவும் புகழ் பெற்றவர்.

சிங்கப்பூர் அரசாங்கம் கலைஞர்களுக்கு வழங்கும் மிக உயர்ந்த விருது கலாசாரப் பதக்கம். 1979-ல் ஏற்படுத்தப்பட்ட அந்தப் பதக்கத்தை அண்ணன் பால் 1986-ல் பெற்றார். தம்பி அலெக்ஸ் 1988-ல் பெற்றார். ஒரே வீட்டில் இரண்டு பதக்கங்கள்.

தன் இசை வாழ்க்கையின் நினைவுகளைத் தொகுத்து 2005-ல், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, பால் அபிஷேகநாதன் ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டார். 2011 ஆகஸ்டில், தம் 97-ஆம் வயதில் காலமானார்.

அதே காலத்தில் சென்னையில்...

சிங்கப்பூரில் ஒரு தமிழர் பல்கலைக்கழக மாணவர்களைப் பாட வைத்துக்கொண்டிருந்த அதே 1970-களில், சென்னையில் இன்னொரு தமிழர் கிட்டத்தட்ட அதே வேலையை வேறு திசையிலிருந்து செய்துகொண்டிருந்தார். அவர் எம்.பி.எஸ். என்று அழைக்கப்பட்ட எம்.பி. சீனிவாசன் (1925–1988).

திரை ரசிகர்களுக்கு இவரைத் தெரியும். 1960-ல் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தவர். பாடகர் கே.ஜே. யேசுதாஸ் 1961 நவம்பரில் முதன்முதலாகத் திரைக்குப் பாடியது எம்.பி.எஸ். இசையமைத்த ‘கால்பாடுகள்’ என்ற மலையாளப் படத்துக்குத்தான். மாணவப் பருவத்திலேயே இடதுசாரி இயக்கத்தில் இறங்கியவர். திரை இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைக்க முன்னின்றவர்.

அவர் தொடங்கிய ‘மெட்ராஸ் யூத் கொயர்’ என்ற இளைஞர் சேர்ந்திசைக் குழு, பாரதியின் பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் கூட்டாகப் பாடியது. பாட்டு மேடையில் இருக்கும் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதல்ல, சாதாரண மனிதர்கள் சேர்ந்து நின்றால் அதுவே பெரிய இசை என்பது அவருடைய நம்பிக்கை. பள்ளிப் பிள்ளைகள் பல மொழிகளில் சேர்ந்து பாட வேண்டும் என்ற இந்திய அரசாங்கத் திட்டத்திலும் அவர் பங்கேற்று, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். 1988 மார்ச் 9-ல் லட்சத்தீவுக்குச் சென்றிருந்த இடத்தில் காலமானார்.

இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அபிஷேகநாதன் மேல்நாட்டு இசை வடிவத்தைக் கையில் எடுத்து அதில் நம் வட்டாரத்து மனிதர்களை நிற்க வைத்தார். எம்.பி.எஸ். அந்த வடிவத்துக்குள் நம் மொழிகளைக் கொண்டு வந்தார். ஒருவர் கல்வித் துறையிலிருந்து வந்தார். மற்றவர் சினிமாவிலிருந்து வந்தார். இருவருமே பெரும் பாடகர்களைத் தேடி ஓடவில்லை. கண்முன் இருந்த மாணவர்களையும் இளைஞர்களையும் பாட வைத்தார்கள்.

நம் பள்ளத்தாக்கில்

இப்போது கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் நடந்து பாருங்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து இறங்கி, பூக்கடைகளையும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளையும் தாண்டினால் சிறிது தூரத்துக்குள்ளேயே தேவாலயங்களும் கோயில்களும் வரும். தமிழ் வழிபாட்டில் நான்கு குரல் பாட்டு கேட்கும். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலில் தேவாரம் ஒலிக்கும். 1981-ல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தோற்றுவித்த ‘டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்’ பெர்ஹாலா சாலையில் இசையும் நடனமும் கற்றுத்தருகிறது. கிள்ளானுக்குப் போனால் தெங்கு கிளானா சாலைக் கடைகளின் இரைச்சலுக்கு நடுவிலும் கோயில் மணியோசை வரும், தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் உருமி மேளக் குழுக்களின் ஒத்திகை கேட்கும். உருமிக் குழுவும் ஒரு சேர்ந்திசைதான். ஒருவர் முன்பாட்டு, மற்றவர் பின்பாட்டு, எல்லாருக்கும் ஒரே தாளம்.

ஆக, நம்மிடம் சேர்ந்து பாடும் பழக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் பிள்ளை பாடுகிறது என்றதும் நாம் என்ன செய்கிறோம்? தனிப் போட்டிக்கு அனுப்புகிறோம். மைக்கைக் கையில் கொடுக்கிறோம். கைப்பேசியில் படம் பிடிக்கிறோம். வென்றால் கொண்டாட்டம். தோற்றால் அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை பாடுவதில்லை. நூறு பிள்ளைகளில் ஒருவருக்குத்தான் கோப்பை கிடைக்கும். மீதித் தொண்ணூற்றொன்பது குரல்கள் எங்கே போகின்றன என்று நாம் கேட்பதில்லை.

சேர்ந்திசையில் அந்தத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் இடம் உண்டு. அங்கே பக்கத்தில் நிற்பவரைவிட உரக்கப் பாடுவது தவறு. பக்கத்துக் குரலைக் கேட்டபடி தன் குரலை அளந்து போட வேண்டும். சரியான நேரத்துக்கு ஒத்திகைக்கு வர வேண்டும், ஒருவர் வராவிட்டால் எல்லாருக்கும் பாதிப்பு. வேலைக்குப் போகும் இளைஞர்களைக் கேட்டால், அலுவலகத்தில் பணம் கட்டிப் பட்டறை வைத்துச் சொல்லித்தரும் பாடமும் இதுதான் என்பார்கள்.

நம் பொதுப் பல்கலைக்கழகங்களில் பாட்டுக் குழுக்கள் உண்டு. பட்டமளிப்பு விழாவில் பாடுபவர்கள் அவர்கள்தாம். அங்கே நம் பிள்ளைகள் தயங்கி நிற்கக் கூடாது. சேர்க்கைத் தேர்வு என்றதும் பயப்பட வேண்டாம். பொதுவாக அதில் பார்ப்பது மூன்றே விஷயங்கள். ஒரு சுரத்தைக் கொடுத்தால் அதே சுரத்தைத் திருப்பிப் பாட முடிகிறதா, தாளம் நிற்கிறதா, குரல் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே போகிறது. சிறுவயதில் தேவாரம் பாடியவருக்கும் தேவாலயத்தில் பாடியவருக்கும் பஜனையில் பின்பாட்டுப் பாடியவருக்கும் முதல் இரண்டும் கைவந்த கலை. நோட்டு வாசிப்பதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

பாட்டு சோறு போடுமா?

எல்லா வீட்டிலும் வரும் கேள்வி இது. எஸ்.பி.எம். முடிவு வந்ததும் மகன் இசை படிக்கிறேன் என்று சொன்னால் அப்பா கேட்கும் முதல் கேள்வி.

பால் அபிஷேகநாதனின் வாழ்க்கை இதற்கு நேர்மையான பதில் தருகிறது. பல ஆண்டுகள் அவருக்குச் சோறு போட்டது கல்வித் துறை வேலை. பாட்டு அந்த ஆண்டுகளில் மாலை நேரத்தைத்தான் கேட்டது. அவர் அதைக் கொடுத்தார், விடாமல் கொடுத்தார். நாட்டின் கீதம் அரங்கேறிய இரவில் அவருடைய குழு மேடையில் இருந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளின் ஒத்திகைகள். ஐம்பத்தைந்துக்குப் பிறகு பல்கலைக்கழகம் அவரை அழைத்ததற்கும் அதே விடாப்பிடிதான் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இசையையே முழுநேரத் தொழிலாக எடுக்கும் வழியும் இன்று முன்பைவிடத் திறந்திருக்கிறது. 1998-ல் இரட்டைக் கோபுரத்தின் கீழே பில்ஹார்மோனிக் அரங்கம் திறந்தபோது நம் நாட்டுக்கும் முழுநேரச் சிம்பொனி இசைக்குழு வந்துவிட்டது. பள்ளியிலும் கல்லூரியிலும் இசை ஆசிரியர் வேலை உண்டு. ஆனால் எல்லாரும் அதைத் தொழிலாக எடுக்க வேண்டியதில்லை. கணக்காளராக இருந்துகொண்டே வாரத்தில் ஒரு மாலை டெனர் பாடலாம். தாதியாக இருந்துகொண்டே ஆல்ட்டோ பாடலாம். அபிஷேகநாதன் தொடங்கிய காலத்தில் குழுக்கள் அப்படித்தான் நடந்தன.

எம்.பி.எஸ். சென்னையில் செய்ததை இங்கே செய்யவும் இடம் இருக்கிறது. திருக்குறளுக்கும் பாரதிக்கும் நம் தோட்டத்துப் பாட்டுகளுக்கும் நான்கு குரல் அமைத்து, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதல் பல்கலைக்கழக மாணவர்கள் வரை பாடக்கூடிய ஒரு தொகுப்பு உருவானால் எப்படி இருக்கும்? கீர்த்தனை தெரிந்த ஒருவரும் நோட்டு எழுதத் தெரிந்த ஒருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். இரண்டு வகையினரும் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். இதுவரை ஒரே மேசையில் உட்கார்ந்தது குறைவு, அவ்வளவுதான்.

அடுத்த முறை பள்ளிச் சபை கூடலிலோ விழா மேடையிலோ ‘நெகாராகூ’ ஒலிக்கும்போது, முன்னால் நின்று கையசைக்கும் அந்த ஆசிரியையைக் கொஞ்சம் கவனியுங்கள். பாட்டு தொடங்கும் முன் அவர் கையை உயர்த்தும் அந்த ஒரு கணத்தில் நீங்களும் மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு வாயை மட்டும் அசைக்காமல் பாடுங்கள். பக்கத்தில் நிற்கும் உங்கள் பிள்ளை அதைக் கேட்கட்டும்.